‘ஏன் அப்படிச் செய்தார்?’ – பிறர் செயலுக்குக் காரணம் காணும் உளவியல்

கொங்கு நாட்டுப் பேச்சு வழக்கில் ஒருவரை மரியாதையுடன் விளிக்க ‘ஏனுங்க’ என்னும் சொல் வழங்குகிறது. பெயர் தெரியாத வழிப்போக்கரையும், கடைக்கு வந்த வாடிக்கையாளரையும், வீட்டுப் பெரியவரையும் இச்சொல்லாலேயே அழைக்கிறார்கள். ‘ஏன்’ என்னும் வினாவே அங்கு ஒரு மனிதரை நெருங்குவதற்கான முதற்சொல்லாக அமைந்துவிட்டது. இது மொழியின் தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் மனித உறவுகளின் அடியில் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும் வினா இதுவே என்பதில் ஐயமில்லை. அவர் ஏன் சலாமுக்குப் பதில் சொல்லாமல் போனார்? முதலாளி இன்று ஏன் கடிந்துகொண்டார்? பக்கத்து வீட்டார் ஏன் அழைப்பு விடுக்கவில்லை? நாள்தோறும் இத்தகைய வினாக்களை எழுப்பி, நொடிப்பொழுதில் நாமே விடையும் சொல்லிக்கொள்கிறோம். அவ்விடையே அந்த மனிதருடன் நமது உறவை நிர்ணயிக்கிறது.

இந்த விடைகள் எப்படி உருவாகின்றன, எங்கே பிழைபடுகின்றன என்பதை ஆராய்வது சமூக உளவியலின் முக்கியப் பகுதிகளில் ஒன்று. அதனைக் ‘காரணக் கற்பிதக் கோட்பாடு’ எனலாம். கோயம்புத்தூர் போன்ற ஒரு நகரின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கல்வியன்று. ஒரு செயலுக்கு எவ்வகைக் காரணம் கற்பிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அங்கு கடைகள் திறந்திருக்கின்றன அல்லது மூடிக் கிடக்கின்றன. வாடகைக்கு வீடு கிடைக்கிறது அல்லது மறுக்கப்படுகிறது.

அகக் காரணமும் புறக் காரணமும்

இத்துறைக்கு அடித்தளமிட்டவர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிரிட்ஸ் ஹைடர். மனிதர்களுக்கிடையேயான உறவின் உளவியல் குறித்து 1958-இல் அவர் வெளியிட்ட நூல், சாதாரண மனிதன் ஒவ்வொருவனும் ஒருவகையில் உளவியலாளனே என்னும் கருத்திலிருந்து தொடங்குகிறது. பிறர் செயலைக் காணும் நாம் இருவகைக் காரணங்களில் ஒன்றை நாடுகிறோம். ஒன்று அகக் காரணம்: அந்த மனிதரின் குணம், எண்ணம், திறமை, இயல்பு. மற்றொன்று புறக் காரணம்: அவர் நின்ற சூழல், நிர்ப்பந்தம், தற்செயல்.

சோமனூர்ப் பக்கத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தை எண்ணிப் பார்ப்போம். ஒரு தொழிலாளி இரண்டு நாள்களாக வேலைக்கு வரவில்லை. ‘சோம்பேறி’ என்றால் அது அகக் காரணம். ‘வீட்டில் யாருக்கேனும் நோயாக இருக்கும்’ என்றால் அது புறக் காரணம். நடந்த செயல் ஒன்றுதான். ஆனால் முதல் விடை வேலை நீக்கத்திற்கும், இரண்டாம் விடை நலம் விசாரிப்பதற்கும் இட்டுச் செல்கிறது. காரணம் கற்பிப்பது வெறும் கருத்தன்று. அதுவே செயலின் தொடக்கம்.

எந்த விடை சரியானது என்பதை அறிவதற்கு முறை ஏதேனும் உண்டா? 1967-இல் ஹெரால்டு கெல்லி என்னும் அமெரிக்க உளவியலாளர் மூன்று கேள்விகளை முன்வைத்தார். முதலாவது, இதே சூழலில் மற்றவர்களும் இவ்வாறே நடக்கிறார்களா? இரண்டாவது, இந்த மனிதர் இங்கு மட்டும்தான் இப்படி நடக்கிறாரா, எல்லா இடங்களிலுமா? மூன்றாவது, இதே இடத்தில் மீண்டும் மீண்டும் இவ்வாறு நடக்கிறதா, இம்முறை மட்டுமா?

பெரிய கடைவீதியில் ஒரு விற்பனையாளர் வாடிக்கையாளரிடம் சிடுசிடுத்தார் என்று கொள்வோம். மற்ற விற்பனையாளர்கள் அவரிடம் இன்முகம் காட்டினால், இவர் மட்டும் எல்லோரிடமும் எப்போதும் சிடுசிடுப்பவரானால், காரணம் இவருடைய குணத்தில் இருக்கிறது. எல்லா விற்பனையாளர்களும் அந்த வாடிக்கையாளரிடம் மட்டும் பொறுமையிழந்தால், காரணம் வாடிக்கையாளரிடம் இருக்கிறது. என்றும் இன்முகம் காட்டும் இவர் இன்று மட்டும் சிடுசிடுத்தால், இன்றைய சூழலில் எதையோ தேட வேண்டும். மூன்று கேள்விகளும் எளியவை. ஆனால் மூன்றையும் கேட்டுப் பார்த்த பின்னர் முடிவுக்கு வருபவர் நம்மில் மிகச் சிலரே.

கூட்ட நெரிசலுக்கு எது காரணம்?

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று இம்மூன்று கேள்விகளின் பயனை நன்கு விளக்கும். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற வதந்தி காணொளிகளின் வடிவில் பரவியது. திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்சாலைகளிலும் கோவையின் பட்டறைகளிலும் வேலை செய்யும் வடமாநிலத்தார் அச்சத்திற்கு உள்ளாயினர். வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களின் காட்சிகளே அவ்வாறு பரப்பப்படுவதாகத் தமிழகக் காவல்துறை விளக்கமளித்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு இங்கு வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. பொய்ச் செய்தி பரப்பியதாக வழக்குகள் பதிவாயின.

அந்நாள்களில் வடக்கே செல்லும் ரயில்களில் காணப்பட்ட கூட்டம் ‘அஞ்சி ஓடுகிறார்கள்’ என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. ஆனால் அவ்வாண்டு ஹோலிப் பண்டிகை மார்ச் 8 அன்று வந்தது. கெல்லியின் கேள்விகளை இங்கே கேட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஹோலிக்கு முன்னர் இந்த ரயில்களில் கூட்டம் இருக்கிறதா? இருக்கிறது. வதந்தி பரவாத மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் அவ்வேளையில் ஊர் திரும்புகிறார்களா? திரும்புகிறார்கள். அப்படியானால் கூட்டத்திற்கு முதற்காரணம் பண்டிகை. வதந்தியால் அஞ்சிச் சென்றவர்களும் அக்கூட்டத்தில் இருந்திருக்கலாம். ஆயினும் கூட்டத்தைக் காட்டித் தாக்குதலை நிரூபித்துவிட முடியாது. இந்த எளிய சோதனையைச் செய்யாமல்தான் ஒரு பண்டிகைப் பயணம் புலம்பெயர் ஓட்டமாக விளக்கப்பட்டது.

வதந்தியின் உளவியலுக்கும் பீகாருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1934-இல் பீகாரைக் குலுக்கிய நிலநடுக்கத்தைத் தொடர்ந்து எழுந்த வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் இந்திய அறிஞர் திரட்டி ஆராய்ந்தார். அதிர்வை உணர்ந்தும் பெருஞ்சேதத்திற்கு ஆளாகாத பகுதிகளில், இனி இதைவிடப் பெரிய அழிவு வரும் என்ற வதந்திகள் பரவியிருந்தன. மனத்தில் ஏற்கெனவே அச்சம் குடிகொண்டிருக்கிறது. ஆனால் கண்முன் அதற்குக் காரணமில்லை. அந்த அச்சத்திற்கு ஒரு காரணத்தை வதந்தி வழங்குகிறது. லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் உருவாக்கிய புகழ்பெற்ற ‘மன முரண்’ கோட்பாட்டிற்கு இவ்வாய்வும் ஒரு தூண்டுகோலாயிற்று.

அடிப்படைக் கற்பிதப் பிழை

சோதிக்காமல் முடிவு செய்யும் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது? 1967-இல் எட்வர்டு ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கியூபாவின் பிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகள் மாணவர்களிடம் படிக்கக் கொடுக்கப்பட்டன. ‘எழுதியவருக்கு விருப்பத் தேர்வு இல்லை, இந்தப் பக்கத்தை எழுது என்று பணிக்கப்பட்டார்’ என்று தெளிவாகச் சொல்லப்பட்ட போதும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளரே என்று படித்தவர்கள் எண்ணினார்கள். நிர்ப்பந்தம் கண்முன் இருந்தும் அது கணக்கில் வரவில்லை. 1977-இல் லீ ராஸ் இச்சாய்வுக்கு ‘அடிப்படைக் கற்பிதப் பிழை’ என்று பெயரிட்டார். பிறர் செயலை விளக்கும்போது சூழலைக் குறைத்தும் குணத்தை மிகைத்தும் மதிப்பிடுவது என்பது இதன் பொருள்.

தன் செயலென்றால் சூழலையும், பிறர் செயலென்றால் குணத்தையும் காரணமாகக் காட்டுவது மனித வழக்கம் என்ற கருத்தும் இதையொட்டி எழுந்தது. 173 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்த பெர்ட்ரம் மாலே, இவ்வேறுபாடு பொதுவிதியாக நிற்கவில்லை என்று 2006-இல் காட்டினார். கெட்ட விளைவுகளில் மட்டுமே அது தென்படுகிறது. நல்ல விளைவுகளில் தலைகீழாகிவிடுகிறது. நன்மைக்கு என் குணம் காரணம், தீமைக்கு என் சூழல் காரணம் என்பதே மனத்தின் கணக்கு. இக்கணக்கு தனிமனிதனோடு நின்றுவிடுவதில்லை; அவன் சார்ந்த குழுவுக்கும் விரிகிறது. நமது பொருளின் மையம் இங்குதான் இருக்கிறது.

மைசூரும் தென்னிந்திய எழுத்தர்களும்

‘அடிப்படை’ என்ற அடைமொழி மனித குலம் முழுமைக்கும் பொருந்துமா என்ற ஐயத்தை எழுப்பியது, கொங்கு நாட்டுக்கு வடக்கே மலைகளுக்கு அப்பாலுள்ள மைசூரில் நடந்த ஆய்வு. ஜோன் மில்லர் 1984-இல் வெளியிட்ட அவ்வாய்வில், மைசூரின் இந்துக்களும் சிகாகோவின் அமெரிக்கர்களும் தமக்குத் தெரிந்த ஒருவர் செய்த நற்செயலையும் தீச்செயலையும் கூறி, அவற்றுக்குக் காரணம் சொல்லும்படி கேட்கப்பட்டனர். அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தை மிகுதியாகச் சுட்டினர். மைசூர்ப் பெரியவர்கள் கடமை, உறவு, நேர்ந்த சூழல் ஆகியவற்றை மிகுதியாகச் சுட்டினர். இரு நாட்டுச் சிறுவர்களிடையே இவ்வேறுபாடு பெரிதாக இல்லை. வயது ஏற ஏறத்தான் அது வளர்ந்தது. ஆகவே காரணம் கற்பிக்கும் முறை பிறவியிலேயே வருவதன்று. வளர்ப்பாலும் பண்பாட்டாலும் கற்றுக்கொள்வது.

இந்த முடிவு நமக்குப் பெருமையளிக்கக்கூடும். ஒருவர் தவறு செய்தால், ‘பாவம், அவர் நிலைமை அப்படி’ என்று சொல்லும் பழக்கம் நம் மண்ணில் இருக்கவே செய்கிறது. ஆனால் பெருமை கொள்வதற்கு முன் மற்றோர் ஆய்வையும் பார்க்க வேண்டும். டொனால்டு டெய்லர், வைஷ்ணா ஜக்கி ஆகிய இருவரும் தென்னிந்தியாவில் நடத்தி 1974-இல் வெளியிட்ட ஆய்வு அது. அலுவலக எழுத்தர்களான 30 இந்துக்களிடம் சிறு சிறு நிகழ்ச்சிகள் விவரிக்கப்பட்டன. ஒரு கடைக்காரர் தாராளமாக நடந்துகொள்கிறார், அல்லது ஏமாற்றுகிறார். மழையில் சிக்கியவருக்கு ஒரு வீட்டுக்காரர் இடமளிக்கிறார், அல்லது மறுக்கிறார். சில நிகழ்ச்சிகளில் அந்த மனிதர் இந்து; சிலவற்றில் முஸ்லிம். ஏன் அப்படி நடந்தார் என்பதற்குரிய காரணத்தை எழுத்தர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நன்மை செய்தவர் இந்துவாக இருந்தபோது, ‘அவர் குணம் அப்படி’ என்ற விடை கிடைத்தது. தீமை செய்தவர் இந்துவாக இருந்தபோது, சூழலே காரணம் என்று சொல்லப்பட்டது. முஸ்லிமைப் பொறுத்தவரை விடை தலைகீழாயிற்று: தீமை அவருடைய இயல்பிலிருந்து வந்தது, நன்மை சூழலால் நேர்ந்தது.

முப்பது பேரைக் கொண்ட ஆய்வை வைத்து ஒரு நாட்டையே அளந்துவிட முடியாது. அதில் முஸ்லிம்களிடம் இக்கேள்விகள் கேட்கப்படவும் இல்லை. ஆயினும் இவ்விரு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. சூழலைக் காணும் கண் நமக்கு இல்லாமற் போகவில்லை. தெரிந்தவருக்கும் தம்மவருக்கும் அக்கண் திறக்கிறது; குழுவின் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மூடிக்கொள்கிறது. ஆகவே கல்வியால் புதிதாக ஓர் ஆற்றலை நாம் ஊட்ட வேண்டியதில்லை. இருக்கும் ஆற்றலை எல்லைக்கு அப்பாலும் கொண்டு செல்வதே தேவை.

‘நீங்கள் மற்றவர்களைப் போல அல்லர்’

தாமஸ் பெட்டிகுரூ 1979-இல் இப்போக்கை ‘உச்சக் கற்பிதப் பிழை’ என்று அழைத்தார். மாற்றுக் குழுவினரின் தீமை அவர்களின் பிறவி இயல்பாகக் கொள்ளப்படும் என்பதோடு அவர் நிற்கவில்லை. அவர்களிடம் நன்மையைக் கண்டால் மனம் என்ன செய்யும் என்பதையும் வகைப்படுத்தினார். விதிவிலக்கு என்று ஒதுக்கும். அதிர்ஷ்டம் அல்லது தனிச்சலுகை என்று சொல்லும். அசாதாரண முயற்சி என்று வியக்கும். சூழ்நிலையின் கட்டாயம் என்று குறைக்கும். இந்நான்கில் எதைச் சொன்னாலும் குழுவைப் பற்றிய பழைய எண்ணத்திற்குச் சேதமில்லை.

முஸ்லிம் வாசகர்கள் பலருக்கு இதில் முதலாவது பழகிய அனுபவம். ‘நீங்கள் மற்றவர்களைப் போல அல்லர்’ என்று அன்போடு சொல்லப்படும் வாசகத்தை அலுவலகங்களில், கல்லூரிகளில், வாடகை வீடு தேடும் இடங்களில் கேளாதவர் அரிது. சொல்பவர் பாராட்டாகவே சொல்கிறார். ஆனால் அவ்வாசகம் ஒருவரை உயர்த்தும்போதே அவருடைய குடும்பத்தையும் சமூகத்தையும் தாழ்த்திவிடுகிறது. நூறு நல்ல முஸ்லிம்களைச் சந்தித்த பின்னும் எண்ணம் மாறாமலிருப்பதன் இரகசியம் இதுவே: நூறு பேரும் தனித்தனியே விதிவிலக்குகளாகப் பதிவாகிவிட்டார்கள்.

1997, 1998: இரு விளக்கங்கள்

கோவையின் அந்த இருண்ட மாதங்களை இவ்வொளியில் பார்ப்பது கடினமான, ஆனால் தவிர்க்கக் கூடாத பணி. 1997 நவம்பர் 29 அன்று உக்கடம் பகுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். தொடர்ந்த நாள்களில் நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். கடைவீதிகளில் முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. 1998 பிப்ரவரி 14 அன்று நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. 58 பேர் மாண்டனர். 200-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

காவலரைக் கொன்றவர்கள் சிலர். ஆனால் அக்கொலைக்குக் காரணம் ஒரு சமூகத்தின் இயல்பில் தேடப்பட்டது. தண்டனை அக்கொலையோடு தொடர்பே இல்லாத கடைக்காரர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் கிடைத்தது. அவ்வன்முறையை விளக்க வந்தவர்களோ ‘துயரத்தில் எழுந்த கோபம்’ என்று சூழலைச் சுட்டினர். குண்டு வைத்தவர்களும் இதே முறையையே கையாண்டனர். தம் செயலை ‘எதிர்வினை’ என்றனர். எதிர்த்தரப்பின் செயலை ஒரு சமூகத்தின் குணமாகக் கண்டனர். ஆகவேதான் பேருந்து நிலையத்திலும் சாலையிலும் நின்ற யாரென்றே தெரியாத மனிதர்கள் அவர்களுக்கு இலக்காகத் தோன்றினார்கள். எமது வன்முறைக்குச் சூழல் காரணம், உமது வன்முறைக்கு நீரே காரணம் என்பதே இரு தரப்பாரின் வாய்ப்பாடாக இருந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். காரணத்தை விளக்குவது வேறு, நியாயப்படுத்துவது வேறு. ஒரு குற்றத்தின் சூழலை ஆராய்வது அக்குற்றவாளியின் பொறுப்பை நீக்கிவிடாது. அப்பாவிகளைக் கொன்றவர் எந்தப் பெயர் தாங்கியிருந்தாலும் கொலையாளியே. சூழலை அறிவதன் பயன், பொறுப்பை அவரவர் தோளில் மட்டும் சரியாக நிறுத்துவதும், அச்சூழல் மீண்டும் உருவாகாமல் தடுப்பதும் ஆகும். குணத்தைக் குழுவின்மீது ஏற்றும் விளக்கத்தால் இவ்விரண்டுமே நிறைவேறுவதில்லை. குற்றவாளி கூட்டத்தில் மறைந்துகொள்கிறான். குற்றமற்றவர் கூட்டத்திற்காகத் தண்டனை அடைகிறார்.

கோட்டைமேட்டில் நெடுநாள் நின்ற காவல் சோதனைச் சாவடிகளைக் கடந்து பள்ளிக்கூடம் சென்ற பிள்ளைகள் எந்தக் குண்டையும் அறியாதவர்கள். 1998 மார்ச்சில் கைது செய்யப்பட்ட கேரளத்தின் அப்துந் நாஸர் மஅதனி, ஒன்பதாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த பின், 2007 ஆகஸ்டில் குண்டு வெடிப்பு வழக்கிலிருந்து தனி நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அதே நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களைத் தண்டிக்கவும் செய்தது. சட்டம் ஆள் ஆளாகத்தான் தீர்ப்பளிக்கிறது. தெருவின் தீர்ப்பு மட்டும் ஊர் ஊராக வழங்கப்படுகிறது.

நோய்க்கும் ஒரு குணம் கற்பித்தல்

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்று தமிழகத்தை எட்டியபோது, தாய்லாந்திலிருந்து ஈரோட்டுக்கு வந்திருந்த தப்லீக் ஜமாஅத்தினர் சிலருக்குத் தொற்று உறுதியானது. டெல்லி நிஜாமுத்தீன் மர்க்கஸில் கூடித் திரும்பியவர்களிடையேயும் அது பரவியிருந்தது. மூடிய இடத்தில் பலர் ஒன்றாகத் தங்கி உண்டு உறங்கினால் நோய் பரவும். இது முழுக்க முழுக்கப் புறக் காரணம். ஆனால் சமூக ஊடகங்களில் ‘கொரோனா ஜிஹாத்’ என்ற சொல் உலவியது. கவனக்குறைவு என்றுகூட அல்லாமல், உள்நோக்கம் என்று அது விளக்கப்பட்டது. நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று அன்றைய தமிழக முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. 2020 ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்துசெய்து, அவர்கள் பலிகடாக்களாக ஆக்கப்பட்டதாகக் கருத்துரைத்தது.

கெல்லியின் முதற்கேள்வி ஒன்றே இங்கு போதுமானது: இதே சூழலில் மற்றவர்களும் இவ்வாறே நடந்தார்களா? பொதுமுடக்கத்திற்கு முந்திய நாள்களில் திருமண மண்டபங்களும் சந்தைகளும் பிற சமய நிகழ்ச்சிகளும் நாடெங்கும் நடந்துகொண்டுதான் இருந்தன. கேள்வி கேட்கப்பட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்.

கண்ணாடியை நம் பக்கம் திருப்பினால்

இதுவரை கூறியவற்றைப் படித்துவிட்டு, ‘இது மற்றவர்களின் நோய்’ என்று நாம் முடிவு செய்வோமானால், அதே பிழையை நாமும் செய்தவர்களாவோம். மைல்ஸ் ஹியூஸ்டோனும் காலின் வார்டும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு ஒரு பாடம். மலேசியாவில் பெரும்பான்மையினரான மலாய் மாணவர்கள், தம்மவரின் நன்மையைக் குணமாகவும் சீனர்களின் தீமையைக் குணமாகவும் விளக்கினார்கள். சிறுபான்மையினரான சீன மாணவர்களிடம் தன் குழுச் சார்பு காணப்படவில்லை. சிங்கப்பூரில் இப்போக்கு தணிந்திருந்தது. ஆகவே இச்சாய்வு எந்தச் சமயத்துக்கும் உரிய சொத்தன்று. அதிகாரமும் எண்ணிக்கையும் சமூகச் சூழலும் அதனை வளர்க்கவோ தணிக்கவோ செய்கின்றன. பிறர் தம்மைப் பற்றிச் சொல்லும் இழிவான விளக்கத்தைச் சிறுபான்மையினர் தாமே ஏற்றுக்கொண்டு விடுவதும் உண்டு.

இவ்விரண்டாவது ஆபத்து நம்மிடையே இல்லை என்று சொல்ல முடியாது. ‘நம் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’, ‘நம்மவர்களுக்கு ஒழுங்கு வராது’ என்று நாமே பேசுவதைக் கேட்கிறோம். 2006 நவம்பரில் பிரதமரிடம் அளிக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை, இந்திய முஸ்லிம்களின் பின்னடைவை எண்களோடு விளக்கியபோது, பள்ளிகளின் தொலைவு, வறுமை, வங்கிக் கடன் கிடைக்காமை, அரசுப் பணிகளில் குறைந்த பங்கு ஆகிய சூழல் காரணங்களை முன்வைத்தது. தமிழகத்தில் 2007-இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. காரணம் குணமென்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. காரணம் சூழலென்றால் அதை மாற்ற முடியும். இது தனிமுயற்சியை மறுப்பதாகாது. மாற்ற இயலும் காரணத்தைத் தேடுவதே முயற்சிக்கு முதற்படி.

முதலாவது ஆபத்தும் நம்மிடம் உண்டு. ‘காவல்துறையினர் எல்லோரும் அப்படித்தான்’, ‘அவர்கள் உள்ளத்தில் நமக்கு இடமில்லை’ என்ற பேச்சுகள் அதன் அடையாளங்கள். கலவர நாள்களில் முஸ்லிம் அண்டைவீட்டாரைக் காத்து நின்ற இந்துக்களை விதிவிலக்குகள் என்று ஒதுக்குவோமானால், பெட்டிகுரூவின் பட்டியலில் நமது பெயரும் சேர்ந்துவிடும்.

சந்தேகமும் சரிபார்த்தலும்

திருக்குர்ஆனின் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் இவ்விடயத்தில் இரு கட்டளைகளை அருகருகே அமைத்திருப்பது சிந்தனைக்குரியது. அதன் 12-ஆம் வசனம் பிறர்மீது கொள்ளும் சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கப் பணிக்கிறது; துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் விலக்குகிறது. அதன் 6-ஆம் வசனம், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைச் சரிபார்க்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதிருக்க எச்சரிக்கிறது. முதலாவது நல்லெண்ணம், இரண்டாவது ஆய்வு. நல்லெண்ணம் என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று என்பதும், ஆய்வு என்பது சந்தேகத்தின் மறுபெயரன்று என்பதும் இவற்றிலிருந்து பெறப்படும். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்னும் குர்ஆனியக் கோட்பாடோ குழுப்பழியின் வேரையே அறுக்கிறது. திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருப்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

இவ்வறங்கள் தனிமனித உள்ளத்தில் மட்டும் நின்றால் போதா. அவற்றைத் தாங்கும் அமைப்புகளும் வேண்டும். வெறும் சந்திப்பால் தப்பெண்ணம் அகலாது. சமநிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவனங்களின் ஆதரவு ஆகியவை வேண்டும் என்று கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதினார். அசுதோஷ் வார்ஷ்ணேய் 2002-இல் வெளியிட்ட நூலில் கோழிக்கோட்டையும் அலிகாரையும் ஒப்பிட்டார். இரு சமூகத்தாரும் ஒன்றாக உறுப்பினராக உள்ள வணிகர் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், வாசகர் வட்டங்கள் நிறைந்த கோழிக்கோட்டில் வதந்தி கலவரமாக வளர்வதில்லை என்று காட்டினார். தொழிலால் வளர்ந்த கொங்கு நாட்டில் இதற்கு வாய்ப்புகள் ஏராளம். நூல் வணிகம், பட்டறை, சந்தை, தொழிற்சங்கம் ஆகியவற்றில் இரு சமூகத்தாரும் ஒருவரையொருவர் சார்ந்தே வாழ்கிறார்கள். அச்சார்பைக் கணக்குப் புத்தகத்தோடு நிறுத்திவிடாமல், பொறுப்புகளைப் பகிரும் சங்கங்களாக வளர்க்க வேண்டும்.

2022 அக்டோபர் 23 அன்று அதிகாலையில், உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோவில் அருகே ஒரு கார் வெடித்து அதிலிருந்தவர் இறந்தார். மறுநாள் தீபாவளி. நகரம் 1998-ஐ நினைத்து அஞ்சியது. ஆனால் பழைய வரலாறு திரும்பவில்லை. சில நாள்களில் ஜமாஅத் பிரதிநிதிகள் அக்கோவிலுக்குச் சென்று, அதன் பொறுப்பாளர்களைச் சந்தித்து நல்லிணக்கத்தை வெளிப்படுத்தினர், அவர்கள் வரவேற்கப்பட்டனர். ஒருவர் செயலுக்காக ஒரு சமூகமே வாசல் ஏறி விளக்கமளிக்க வேண்டுமா என்ற கேள்வி நியாயமானதே. அத்தேவை எழுவதே கற்பிதப் பிழை இன்னும் உயிரோடிருப்பதைக் காட்டுகிறது. எனினும் அச்சந்திப்பு ஒரு சோதனைக்கு விடையளித்தது. ‘மற்றவர்களும் இவ்வாறே எண்ணுகிறார்களா?’ என்ற கேள்வியை ஊர் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்த வேளையில், ‘இல்லை’ என்ற விடை நேரில் வந்து நின்றது.

பிறர் செயலுக்குக் காரணம் காண்பதை நம்மால் நிறுத்த முடியாது; அது மூச்சைப் போல இயல்பானது. முதலில் தோன்றும் விடையைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், இதே செயலை நம்மவர் செய்திருந்தால் என்ன காரணம் சொல்லியிருப்போம் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க நம்மால் முடியும். தம்மவருக்கு நாம் எளிதில் வழங்கும் அந்த விளக்கத்தை மற்றவருக்கும் வழங்கப் பழகுவது, இப்பகுதியில் இரு சமூகங்களும் ஒன்றுக்கொன்று செலுத்த வேண்டிய கடன்.